ஆய்வு நாளுக்கு ஒரு தாய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் பெண்கள் சிலர் போன மாதம் ஒரு கூட்டம் போட்டார்கள். எல்லா ஆலைகளிலும் குழந்தைகள் காப்பகம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பது கோரிக்கை. அனுபவம் உள்ளவள் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் பக்கத்தில் வந்து, சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஒரு ஆலையின் காப்பகத்தில் ஆயாவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். அதற்கு முன் பால்வாடிப் பயிற்சி முடித்திருந்தேன். பிள்ளையைத் தூங்க வைப்பது, சாப்பிட வைப்பது, எதற்கு அழுகிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் படித்தேன். குழந்தையே இல்லாத காப்பகத்தை நடத்துவது எப்படி என்பது மட்டும் பாடத்தில் இல்லை. அதை வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஆலை பாட்டில் மூடி செய்வது. தண்ணீர் பாட்டில், மருந்து பாட்டில், எண்ணெய் பாட்டில், எல்லாவற்றுக்கும். மூடிகளைப் பொறுக்கிப் பைகளில் கட்டும் பேக்கிங் கூடத்தில் முழுக்கப் பெண்கள். இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காப்பகம் இருந்தது. சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருந்தது. தொட்டில்கள், பாய்கள், சோப்பு, துண்டு, பால் காய்ச்ச அடுப்பு, எதற்கும் குறைவில்லை. உள்ளே குழந்தையும் இருக்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் பொம்மைகளைத் துடைப்பேன். மெத்தைகளை வெயிலில் காயப் போடுவேன். பால் பவுடர் டப்பாவின் தேதி முடிந்ததும் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டுப் புது டப்பா கேட்பேன். உடனே கொடுப்பார்கள்.

குழந்தை இல்லாததற்குக் காரணம் எளிது. ஆலை வருவதற்கு முன் அந்த இடம் நெல் வயல். நிலத்தை விற்ற குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒருவர் என்று நிரந்தர வேலை கொடுத்தார்கள். அதே நிலத்தில் நாற்று நட்ட காலனிக்காரர்களுக்கும் வேலை கிடைத்தது, கான்ட்ராக்டர் மூலமாக. நிரந்தர வேலையில் இருந்த பெண்கள் சிலர்தான். அவர்கள் பிள்ளைகளை வீட்டில் மாமியார் பார்த்துக்கொண்டார். ஒருத்தி மட்டும் மாசமாக இருந்தபோது அறையைப் பார்க்க வந்தாள். தொட்டிலைத் தடவிப் பார்த்தாள். காலனிப் பிள்ளைகளும் இதில்தான் படுக்குமா என்று கேட்டாள். இதுவரை யாருமே படுத்ததில்லை என்றேன். அப்படியும் அவள் திரும்ப வரவில்லை.

பேக்கிங் கூடத்துப் பெண்கள் பல கான்ட்ராக்டர்கள் பெயரில் பிரிந்திருந்தார்கள். ஆலையைக் கேட்டால், அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால், காப்பகம் ஆலையின் பொறுப்பு. நானே கேண்டீன் கான்ட்ராக்டரின் கணக்கில்தான் சம்பளம் வாங்கினேன். அதனால் என் மகனை அங்கே படுக்க வைக்க எனக்கும் தகுதி இல்லை. அவனைக் கவரப்பேட்டையில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வந்து, காலித் தொட்டில்களுக்குக் காவல் இருந்தேன்.

எங்கள் பர்சனல் மேனேஜர் வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் எனக்கே பொறுக்காது. யார் போனாலும் முதலில் உட்காரச் சொல்வார். கூடத்துப் பெண் என்றாலும் நாற்காலி உண்டு. குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “பார்க்கலாம்மா” என்பார். ‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. எழுந்து வெளியே வந்து, படி இறங்கி, பாதித் தூரம் நடந்த பிறகுதான் கேட்டது கிடைக்கவில்லை என்று நமக்கு உறைக்கும். திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கும். அவ்வளவு மரியாதையாக நடத்தியிருப்பார்.

தொழிற்சாலை ஆய்வாளர் வருவது எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தின நாளே அறையைக் கழுவிவிடச் சொல்வார்கள். அன்று காலை ஆலையின் வேன் பின்சுவரைச் சுற்றிக்கொண்டு காலனிக்குப் போகும், பிள்ளைகளைக் கூட்டி வர. முதலில் ஆபிசர்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் கேட்டுப் பார்த்தார்களாம். பிளாஸ்டிக் உருகும் வாடை பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். நியாயம்தான். காலனிப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, காற்று எப்போதும் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

வந்த பிள்ளைகளை நான் குளிப்பாட்ட வேண்டும். பவுடர் பூசி, ஆலை வாங்கி வைத்திருக்கும் புதுச் சட்டையை மாட்டி, கைக்குழந்தைகளைத் தொட்டிலிலும் நடக்கிறவர்களைப் பாயிலும் விட வேண்டும். ஆய்வாளர் போனதும் சட்டையைக் கழற்றி வாங்கி, துவைத்து, மடித்து வைத்துவிட வேண்டும். பிஸ்கட் மட்டும் பிள்ளைகளுக்கே. அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் தாய்மார் அதே நேரத்தில் பக்கத்துக் கூடத்தில்தான் மூடி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆய்வு முடியும் வரை கூடத்துக் கதவைச் சாத்தி வைப்பது மேஸ்திரியின் வேலை. மேஸ்திரி என்றால் கான்ட்ராக்டருக்காக ஆள் எடுக்கிறவர், மேய்க்கிறவர்.

பவானி அந்தக் கூடத்தில் வேலை செய்தவள். காலனிப் பெண். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள், கை வேகம். மாசமானதும் அவளை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘நல்லபடியா பெத்துக்கினு வா’ என்று அனுப்பி வைப்பார்கள். பெற்றுவிட்டுச் சில மாதங்களில் புது ஆளாகத் திரும்பி வந்தாள். குழந்தை யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். மாமியார் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், புருஷன் இரும்பு உருக்கும் பட்டறையில்.

ஒரு நாள் மதியம் கழிப்பறையில் அவளைப் பார்த்தேன். ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு, கை கழுவும் தொட்டியில் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்திருந்தாள். பால் கட்டிக்கொண்டால் காய்ச்சல் வந்துவிடுகிறது என்றாள். குழந்தைக்கு அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துக்கொண்டிருப்பாள். இவள் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியைக் கழுவினாள்.

“உங்க ரூமு சும்மாதான கீது அக்கா. கொயந்தைய அங்க வுட்டுட்டு, வேளைக்கு வந்து பால் குடுத்துட்டுப் போறேன். தொட்டிலு கூட வாணாம். கீழ போட்டா போதும்.”

அவளைச் சாரிடம் அழைத்துப் போனேன். உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். ஆலைக்குள் புகை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று விளக்கினார். குழந்தையின் பாதுகாப்புதான் தனக்கு முக்கியம் என்றார். அப்போது அவர் குரல் கனிந்துதான் இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

கொஞ்ச நாளில் ஆய்வு வந்தது. வேனிலிருந்து இறக்கிய கைக்குழந்தைகளில் ஒன்று யாழினி. பக்கத்து வீட்டுக்காரி பிஸ்கட்டுக்கு ஆசைப்பட்டு அனுப்பியிருந்தாள். குளிப்பாட்டியபோது சிரித்தது. தொட்டிலில் போட்டதும் அழ ஆரம்பித்தது. புட்டிப் பாலை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளியது. ஆய்வாளர் புதிதாக மாற்றலாகி வந்தவர், நடுத்தர வயது, சாதுவானவர். சாரோடு அறைக்குள் வந்து நின்றார். யாழினியின் அழுகை இரண்டு சுவர் தாண்டிக் கேட்டிருக்கும். கேட்டது.

கூடத்துக் கதவு திறக்கும் சத்தமும் மேஸ்திரி என்னவோ சொல்லும் சத்தமும் வந்தன. தலையில் வலைத்தொப்பி, மேலே ஆலையின் நீலக் கோட்டு, அப்படியே பவானி உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தாள். சுவரோரம் பாயில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, பால் கொடுக்க ஆரம்பித்தாள். அழுகை நின்றது. குழந்தை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆய்வாளர் சட்டென்று அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். நல்ல விசிறி, எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். சார் கம்பெனி பெயரைச் சொன்னார். அதற்குள் அவருக்கும் மூச்சு திரும்பிவிட்டது. வேலை நேரத்திலேயே தாய்மார் வந்து பால் கொடுக்க நாங்கள் இடைவெளி விடுகிறோம், சட்டப்படி, என்று விளக்கினார். ஆய்வாளருக்கு ரொம்பத் திருப்தி. விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே பவானியிடம், தினமும் வந்து கொடுக்கிறீர்களா அம்மா என்று கேட்டார்.

பவானி சாரைப் பார்த்தாள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளிக்கும் வருவேன் சார்” என்றாள்.

மறுநாள் காலை யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வாட்ச்மேன் மறித்தார். ஆபிசர் முன்னால் சொன்னது, சாரும் பக்கத்திலேயே நின்றிருந்தார், அவரைக் கேளுங்கள் என்றாள். வாட்ச்மேன் போன் போட்டார். சார் வாயில் ‘இல்லை’ வராது என்று முன்பே சொன்னேன். இப்போதைக்கு உள்ளே விடுப்பா என்றார்.

அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். முதலில் இரண்டு பிள்ளைகள், பிறகு தொட்டிலுக்கு ஒன்று, பிறகு பாய் நிறைய. நான் படித்ததெல்லாம் மறந்து போயிருந்தது. ஒன்று அழுதால் எல்லாம் அழும். ஒரு வாரம் எனக்குத் தலைவலி. பிறகு ஒவ்வொன்றின் அழுகையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. பருப்புச் சோற்றுக் கை பட்டு, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வரை மஞ்சள் கறை ஏறியது. டப்பாவின் தேதி முடிவதற்குள் பால் பவுடர் தீர்ந்தது. புது டப்பா கேட்டபோது முதல்முறையாக, எதற்கு என்று கேட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த மாதங்களில்தான் கணக்குப் பிரிவு மேடத்துக்குக் குழந்தை பிறந்தது. நிரந்தர ஊழியர். கல்யாணமாகி வெகு நாள் குழந்தை இல்லாமல், சென்னையில் வைத்தியம் பார்த்துப் பெற்றவர். அவருக்காக ஆபிசில் எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள், சார் கோயிலுக்கே போய் வந்தார். வைத்தியத்துக்கு லீவு, பேறுகாலத்துக்குச் சம்பளத்தோடு லீவு. பிறந்த அன்று பேக்கிங் கூடத்துக்கும் லட்டு வந்தது. பெண்கள் உண்மையான சந்தோஷத்தோடு சாப்பிட்டார்கள்.

லட்டு சாப்பிட்டுச் சில நாளில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தது. எல்லாரும் வாசலில் வரிசையில் நின்று புதிதாகச் சேர வேண்டும். மேஸ்திரி ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்: “ஆபரேஷன் ஆயிடுச்சா?”

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்தவர்கள் உள்ளே போனார்கள். வயதானவர்களும் போனார்கள். கைக்குழந்தைக்காரிகளும் இனிமேல் பெறக்கூடியவர்களும் ஓரமாக நிறுத்தப்பட்டார்கள். ஒரே கூரைக்கு அடியில் ஒருத்தி பெற வேண்டும் என்று ஆலையே வேண்டிக்கொண்டது. மற்றவர்கள் பெற்றுவிடக் கூடாது என்று வாசலில் ஆள் நிறுத்தியது. நான் சாரிடம் போய்ச் சொன்னேன். அது கான்ட்ராக்டர் விஷயம், நாம் தலையிட்டால் நன்றாக இருக்காது என்றார். ஒரே பிள்ளைக்காரி ஒருத்தி, சின்ன வயசு, அந்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, தையல் ஆறுவதற்குள் வந்து மூடி பொறுக்க உட்கார்ந்தாள். மேஸ்திரி அவளைக் கெட்டிக்காரி என்றார்.

பவானி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்தபோது அவள் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

“இன்னொன்னு வேணுமா வாணாமான்னு நானும் எங்க ஊட்டுக்காரரும் இன்னும் பேசவே இல்லக்கா. அதுக்குள்ள மேஸ்திரி இன்னா நடுவுல?”

அறை மறுபடி காலியானது. கறையைத் துடைத்துவிடச் சொன்னார்கள். துடைத்தேன்.

அப்படியே சில மாதங்கள் ஓடின. இதற்கிடையில் அந்த ஆய்வாளர் எங்கள் காப்பகத்தைப் பற்றிப் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். மற்ற ஆலைகளின் மேனேஜர்களை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று தகவல் வந்தது. பால் கொடுத்த அந்த அம்மாவையும் எல்லாரும் பார்க்க வேண்டுமாம்.

சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்றுதான் என்னை உட்காரச் சொல்ல மறந்தார். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்றேன். காரிலேயே போனோம். சுவர் இடிந்த இடம் வழியாக நடந்தால் ஐந்து நிமிஷம். காரில் சுற்றிக்கொண்டு போக அதைவிட நேரம் ஆனது. இத்தனை வருஷத்தில் சார் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை.

பவானி வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். ஏழு மாத வயிறு. சார் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தெரியும். அவள் உள்ளே போய் வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து துடைத்துப் போட்டாள். சார் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். ஒரே ஒரு நாள், வேன் அனுப்புகிறோம், நல்ல புடவை, சாப்பாடு எல்லாம் உண்டு, அப்படி இப்படி என்று. அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

“ஒரு நாளைக்குத் தாயா நிக்க நான் வர்ல சார். வேலைக்குன்னா வரேன். இந்த வயிறோடதான் வருவேன், உக்காந்து செய்யற வேல குடுங்க. பொறந்தா சம்பளத்தோட லீவு, மேடத்துக்குக் குடுத்தீங்களே அந்த மாதிரி. என்னோட நிறுத்துனவங்களையும் சேத்துக்கணும். அவங்க கொயந்தைங்களையும்தான்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“பார்க்கலாம்மா.”

“நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள இது பொறந்துடும் சார்.”

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. தேதி சொல்வதுபோல் சொன்னாள். திரும்பி வரும் வழியில் சார், காப்பகத்துக்கு வேறு நல்ல விசிறி வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா என்று என்னைக் கேட்டார். அவர்கள் விசிறியைப் பார்க்க வரவில்லையே சார் என்றேன்.

அவர் அந்த ராத்திரி என்ன யோசித்தாரோ, கான்ட்ராக்டரிடம் என்ன பேசினாரோ எனக்குத் தெரியாது. அந்த வாரமே பவானியும் நிறுத்தப்பட்ட மற்றவர்களும் வேலைக்கு வந்தார்கள். சட்டம் அவளைத் தொழிலாளி என்று தேடி வரவில்லை. காட்சிப் பொருளாக வேண்டியிருந்தபோதுதான் வந்தது. வந்தவரைக்கும் லாபம் என்றாள் அவள்.

மேனேஜர்கள் வந்த அன்று யாழினி நடக்க ஆரம்பித்திருந்தது. ஒருவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்துக் கடித்தது. ஆய்வாளர் பவானியைக் காட்டி, இந்த அம்மாதான் என்று பெருமையாகச் சொன்னார். கம்பெனியைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“ஆபிசருங்க அடிக்கடி வரணும் சார்.”

நன்றி சொல்கிறாள் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். சாரும் தட்டினார். அவருக்கு மட்டும் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு யாராவது பார்க்க வந்துகொண்டே இருந்ததால் காப்பகத்தை மூட முடியவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்த அறையில் பிள்ளைகள் இருந்தார்கள். மூட முடியாததால், உள்ளே வரும் பெண்களை வடிகட்டுவதில் மேஸ்திரி இன்னும் கவனமானார். வாசலில் அந்தக் கேள்வி தொடர்ந்தது.

பவானிக்கு மகன் பிறந்தான். அந்தக் கூடத்தில் சம்பளத்தோடு பேறுகால லீவு வாங்கிய முதல் பெண் அவள்தான். ஆஸ்பத்திரியில் அவளாகவே சொல்லி ஆபரேஷனும் செய்துகொண்டாள். இரண்டு போதும் என்று அவளும் புருஷனும் பேசி முடித்திருந்தார்கள். லீவு முடிந்து வந்தவளைச் சார் உட்கார வைத்து விசாரித்தார். ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல முடிவு, கம்பெனிக்கும் நல்லது என்றார். கம்பெனிக்காகச் செய்யவில்லை, எனக்குப் போதும் என்று தோன்றியது, செய்துகொண்டேன் என்றாள். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றார் சார். இரண்டும் ஒன்று இல்லை என்பதை அவருக்கு விளக்க அவள் முயற்சி செய்யவில்லை.

அதே வாரம் வாசலில் புதிதாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பவானியும் சேர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தோம். வரிசையில் ஒரு சின்னப் பெண், பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். மேஸ்திரி அவளிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேஸ்திரி கையை நீட்டி எங்கள் பக்கம் காட்டினார்.

“அதோ பவானியப் பாரு. ஆபரேஷன முடிச்சுக்கினு வந்து கீது. எவ்ளோ நிம்மதியா வேல செய்யப் போவுது பாரு.”

பவானி நின்றாள். மகனை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அண்ணே, உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?”

“மூணு. ஏன்?”

“நீங்க ஆபரேஷன் பண்ணிக்கினீங்களா?”

மேஸ்திரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு எதுக்கு?”

“நீங்களும் வேல செய்யறீங்க இல்ல?”

வரிசையின் கடைசியில் யாரோ ஒருத்திதான் முதலில் சிரித்தாள். பிறகு அது முன்னால் வரைக்கும் வந்தது. மேஸ்திரி பேனாவைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். பேனா அவர் கையில்தான் இருந்தது. பிறகு அந்தச் சின்னப் பெண்ணிடம் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே போகச் சொன்னார்.